அண்ணே, ஸ்டாண்டு!

பட்டப்பகலில் எதிரே வருகிற வண்டிக்காரர் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். லைட் எரியுது, அணைச்சுக்கோங்க என்கிறார். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆக்சிலேட்டரை விட முடியாது என்பதால் க்ளட்ச் கையைத்தான் இதற்கு எடுப்பார்கள். பஸ் டிரைவராக இருந்தால் ஜன்னல் வழியே வலது கை நீளும். இப்படிச் சொல்பவருக்கு நம்மைத் தெரியாது, திரும்பப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் இந்த ஜாடைக்கு இப்போது வேலையே இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முகப்பு விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது விதி. அணைப்பதற்கு சுவிட்சே கிடையாது. அப்படியும் கைகள் குவிந்து விரிவது நின்றபாடில்லை.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு கூட்டம் சிரிக்கிறது: இத்தனை வருஷம் ஆகியும் தெரியவில்லையே. இன்னொரு கூட்டம் உருகுகிறது: இப்படி அக்கறைப்பட இனி யார் இருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த ஜாடையால் அந்தக் காலத்திலேயே பெரிய லாபம் இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு கரண்ட் பேட்டரியிலிருந்து வராது. எஞ்சினோடு காந்தம் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோ காயிலிலிருந்து நேராக வரும். அதனால்தான் ஆக்சிலேட்டரைக் குறைத்தால் வெளிச்சம் மங்கும், கொடுத்தால் பிரகாசமாகும். பகலில் எரிந்தால் பேட்டரி இறங்கிவிடும் என்ற பயம் அந்த வண்டிகளுக்குப் பொருந்தவே இல்லை. பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சொல்லப்போனால் பகலில் எரிவதே நல்லது. மர நிழலும் வெயிலும் மாறிமாறி விழுகிற சாலையில், எதிரே முந்திக்கொண்டு வரும் பஸ்காரர் கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் முதலில் படும். அந்த விதி வந்ததும் இதற்காகத்தான்.

ஆக, நம் சாலைகளில் அதிகம் பேர் செய்த உதவிதான் மிகக் குறைவாகப் பயன்பட்ட உதவியும். நல்ல மனசு எல்லோரிடமும் இருக்கிறது. வண்டி எப்படி ஓடுகிறது, எங்கே கவிழ்க்கும் என்று தெரிந்த நல்ல மனசுதான் குறைவு. ஓடுகிற வண்டிக்கு உதவுவது ஒரு கைவேலை. தப்பாகச் செய்தால் உதவி வாங்குகிறவர் விழுவார்.

ஸ்டாண்டு

சைடு ஸ்டாண்டு விஷயத்தில் அப்படியில்லை. அங்கே ஒரு குரல் எலும்பு முறிவைத் தடுக்கும். ஸ்டாண்டு இருப்பது இடப்பக்கம். எடுக்க மறந்துவிட்டு நேராகப் போனால் ஒன்றும் ஆகாது. வலது பக்கம் திரும்பினால் வண்டி வலது பக்கம் சாயும், ஸ்டாண்டு தரையைவிட்டு இன்னும் விலகும். இடது பக்கம் சாயும்போதுதான் அதன் நுனி தார் ரோட்டைத் தட்டும். தட்டின வேகத்தில் தானாக மடங்கிக்கொண்டால் பிழைத்தோம். மடங்காமல் ஊன்றிக்கொண்டால் பின்சக்கரத்தின் பிடி விட்டுப்போய் வண்டி நிலைகுலையும். இதில் ஒரு கெட்ட பொருத்தம் உண்டு. இடப்புறமாக வண்டி ஓட்டும் நாட்டில் இடது திருப்பம் எப்போதும் குறுகலானது, ஓரத்தை ஒட்டி ஒடித்துத் திருப்புகிறோம். வலது திருப்பத்துக்கு ரோட்டின் முழு அகலமும் கிடைக்கிறது. எந்தப் பக்கம் அதிகம் சாய்க்கிறோமோ, அந்தப் பக்கத்தில்தான் இந்த இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் சொல்லுகிற நேரம் முக்கியம். வண்டி கிளம்பிய முதல் நூறு அடிக்குள் சொல்லிவிடுவது உத்தமம். டீக்கடை வாசலில் நிற்பவர்கள், வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுப்பவர்கள், பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவர்கள் எல்லாம் இதில் கைதேர்ந்தவர்கள். தெரு முனையில் இடது பக்கம் திரும்பப் போகிறார் என்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. மாறாக, திருப்பமே இல்லாத மேம்பாலத்தில், எழுபதில் போகிறவரை எண்பதில் துரத்திப் பிடித்துச் சொல்வது வீண் சாகசம். பாலம் இறங்கியதும் சிக்னல் வரும், அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

எப்படிச் சொல்வது? ஒரே வார்த்தை போதும்: ஸ்டாண்டு. முன்னால் ஒரு அண்ணேவோ அக்காவோ சேர்த்துக்கொள்ளலாம். "ஹலோ", "சார், சார்" என்று மட்டும் கூப்பிட்டால் என்னவோ ஏதோ என்று அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். தலை போகிற பக்கம் ஹேண்டில்பாரும் கொஞ்சம் போகும். ஹார்ன் அடிக்கவே கூடாது. ஹார்ன் என்றால் வழி கேட்கிறார்கள் என்று அர்த்தம், உடனே இடது பக்கம் ஒதுங்குவார். இடது பக்கம் சாய்வதுதானே அங்கே ஆபத்து? ஹெல்மெட்டும் இயர்போனுமாகப் போகிறவருக்கு, பக்கத்தில் வந்து அவர் கணுக்கால் பக்கமாக ஆள்காட்டி விரலை இரண்டு தரம் கீழே குத்திக் காட்டினால் புரிந்துவிடும்.

கேட்பவர் செய்ய வேண்டியதும் உண்டு. குனிந்து பார்க்கக் கூடாது. நேராகப் போய்க்கொண்டே இடது குதிகாலால் பின்பக்கமாக ஒரு தட்டு, அவ்வளவுதான். கால் எட்டவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் மெதுவாக ஓரம் கட்ட வேண்டும். பதற்றத்தில் சடாரென்று இடது பக்கம் வெட்டி நிறுத்தப் போய் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வண்டிகளில் எத்தனை முறை தட்டிவிட்டாலும் அடுத்த வேகத்தடையில் ஸ்டாண்டு மறுபடி இறங்கிவிடும். அது மறதி இல்லை, ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. அன்றைக்கு ஒரு கயிற்றாலோ ரப்பர் துண்டாலோ தூக்கிக் கட்டிவிட்டு, மறுநாளே ஸ்பிரிங்கை மாற்றிவிட வேண்டும். விலை ஒன்றும் பெரிதில்லை. ஸ்டாண்டு போல்ட்டில் கிரீஸ் வறண்டு போனால் நேர் எதிர்த் தொல்லை: பாதி மடங்கி அப்படியே நின்றுவிடும்.

புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு போட்டிருக்கும்போது கியர் விழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த சுவிட்ச் இருப்பது சேறு தெறிக்கும் இடத்தில். மழைக்காலத்தில் மண் அடைத்துக்கொண்டு, ஸ்டாண்டு எடுத்த பிறகும் வண்டி அணைந்து அணைந்து போகும். மெக்கானிக்கிடம் போனால் இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து சுவிட்சையே விலக்கிவிடுவார். பிறகு மறுபடியும் டீக்கடை வாசலை நம்பித்தான் போக வேண்டும்.

முந்தானை

எந்த சென்சாரும் கண்டுபிடிக்காத ஒன்று துணி. சேலைகட்டி ஒருபக்கமாக உட்காருகிறவர் இடப்பக்கம் பார்த்து உட்காருகிறார். கால்கள் இடப்பக்கம் என்பதால், சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு கம்பியும் இடப்பக்கம். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும், அதில் உடை சிக்கக் கூடாது என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ம் விதி சொல்கிறது. கொசுவம், பாவாடை விளிம்பு இவற்றை அந்தக் கம்பி காப்பாற்றும். முந்தானையைக் காப்பாற்றாது. முந்தானை போடுவது இடது தோளில். இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடது தோள் வண்டியின் பின்புறம் இருக்கும், முதுகு வலப்பக்கம் இருக்கும். ஆக, முதுகில் தொங்குகிற நுனி பின்சக்கரத்தின் வலப்பக்கத்துக்கு நேர் மேலே வந்து விழுகிறது. கம்பி இல்லாத பக்கம் அதுதான். வண்டி நிற்கும்போது நுனி எட்டாதது மாதிரித்தான் தெரியும். நாற்பதில் போகும்போது காற்று அதைப் பின்னுக்கும் உள்ளுக்கும் இழுக்கும்.

இதைச் சொல்வதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சொதப்புகிறார்கள். ஓட்டுபவரைப் பார்த்துக் கத்துகிறார்கள். அவரால் என்ன செய்ய முடியும்? பிரேக் அடிப்பார், இல்லையென்றால் திரும்பிப் பார்ப்பார். இரண்டுமே பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து. துணியை ஒரு நொடியில் எடுத்து மடியில் போட்டுக்கொள்ளக் கூடியவர் அவர்தான். சொல்ல வேண்டியதும் அவரிடம்தான்: "அக்கா, முந்தானை." அவர் முகம் இடப்பக்கம் இருக்கிறது, நாமோ வலப்பக்கம்தான் முந்துவோம். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அதனால் திடுக்கிட வைக்காத குரலில், பொருளின் பெயரைச் சொல்லி ஒருமுறை சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைத்துப் பின்னால் விலகிவிட வேண்டும். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் அவர் நம்மைப் பார்க்கத் திரும்புவார், வண்டி ஆடும். தெரியாத ஆண் ஒருவர் பக்கத்தில் வந்து பேசுவதே ஒரு பெண்ணுக்குச் சங்கடம் என்பதும் இருக்கிறது. சொன்னோம், விலகினோம் என்று இருப்பது அதற்கும் நல்லது.

துப்பட்டா சேலையைவிட மோசம். சேலை சிக்கினால் கிழியும், அல்லது ஆளை இழுத்துக் கீழே தள்ளும். கழுத்தைச் சுற்றிப் போட்டு இரண்டு நுனியும் பின்னால் பறக்கிற துப்பட்டா சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஏறுவதற்கு முன்பே இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொள்வதுதான் வழி. சிக்கிவிட்ட வண்டியைக் கண்டால்: முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க ஆக்சிலில் இன்னும் இறுகும். துணி கழுத்தைச் சுற்றியிருந்தால் கழுத்துப் பக்கத்துத் துணியைத்தான் முதலில் வெட்ட வேண்டும். பக்கத்தில் துணிக்கடை, பூக்கடை, இளநீர்க் கடை எது இருந்தாலும் கத்திரிக்கோலோ கத்தியோ கிடைக்கும். ஆள் விடுபட்ட பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் மீதித் துணி அவிழ்ந்து வரும். சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல்

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் நிறுத்திக் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. "பெட்ரோலாண்ணே, பஞ்சரா?" என்பதுதான் முதல் கேள்வி. பஞ்சர் என்றால் கடை எங்கே என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. பெட்ரோல் என்றால் முன்பெல்லாம் கைவைத்தியம் உண்டு. டேங்கின் அடிப்பகுதி ஃப்ரேமின் மேல் கவிழ்ந்து இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும், பெட்ரோலைத் திறந்து மூடும் காக் இருப்பது ஒரு பக்கம்தான். வண்டியைக் காக் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் மறுபக்கம் தங்கிய பெட்ரோல் இந்தப் பக்கம் வரும். பங்க் பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் உதவ வந்தவர் தன் வண்டியில் கார்புரேட்டருக்குப் போகிற ட்யூபைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் 200 மில்லி பிடித்துக் கொடுப்பார். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டிக்கு அது 10 கிலோமீட்டர். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். இதில் ஒரே விதி, எஞ்சின் சூட்டில் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது, பக்கத்தில் யார் கையிலும் பீடி இருக்கக் கூடாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த உதவியும் போய்க்கொண்டிருக்கிறது. புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, ட்யூபில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கிறது. கழற்றினால் பீய்ச்சி அடிக்கும், தொடவே கூடாது. பாட்டிலில் வாங்கி வரலாம் என்றால் பல பங்குகளில் பாட்டிலுக்கு ஊற்ற மறுக்கிறார்கள். மிஞ்சியிருப்பது காலால் தள்ளிக் கொடுப்பது.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. தள்ளுகிறவர், நின்றுபோன வண்டிக்கு வலது பின்பக்கம் வர வேண்டும். அப்போதுதான் ஓட்டமில்லாத வண்டி ரோட்டோரமாக இருக்கும், தள்ளுகிறவர் இடது காலைப் பயன்படுத்தலாம், பின் பிரேக்குக்கான வலது கால் சும்மா இருக்கும். காலை வைக்க வேண்டியது பின் ஃபுட்ரெஸ்ட்டில். அதற்குக் கீழேயே சைலன்சர் இருக்கிறது, செருப்பு வழுக்கினால் கணுக்கால் வெந்துபோகும். நம்பர் பிளேட்டில் வைத்தால் அது வளையும். தள்ளப்படுகிறவர் நியூட்ரலில், சாவியை ஆன் செய்தே வைத்திருக்க வேண்டும். சாவி ஆஃபில் இருந்தால் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் எரியாது, பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. வேகம் இருபதைத் தாண்டக் கூடாது. திருப்பத்துக்கும் வேகத்தடைக்கும் முன்னால் காலை எடுத்துவிட வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகே பிரேக்கைத் தொட வேண்டும். பையன்கள் தோளில் கைபோட்டுக்கொண்டும் கையைக் கோத்துக்கொண்டும் போகிறார்கள். ஒருவர் ஆடினால் இருவரும் விழுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

பங்க் வந்து பெட்ரோல் போட்ட பிறகும் இன்ஜெக்‌ஷன் வண்டி உடனே கிளம்பாது. செல்ஃபை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் பேட்டரிதான் இறங்கும். சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடுகிற மெல்லிய சத்தம் இரண்டு மூன்று நொடியில் நிற்கும் வரை பொறுத்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி மூன்று நான்கு தரம் செய்துவிட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். தள்ளிக் கொடுத்தவர் அது வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனால் இன்னும் விசேஷம்.

உதவியே வினையாகும் இடம்

ஒரே திசையில் இரண்டு லேன் உள்ள சாலையில் ரோட்டைக் கடக்க நிற்கும் பாட்டிக்காக ஒருவர் காரை நிறுத்துகிறார். அதோடு விடாமல் "போங்கம்மா" என்று கையையும் ஆட்டுகிறார். பாட்டி அந்தக் கையை நம்பி இறங்குகிறார். அடுத்த லேனில் வருகிற பைக் ஓட்டுபவருக்கு நின்ற கார் மட்டும்தான் தெரியும், அதன் மறைவிலிருந்து வருகிற பாட்டி தெரியாது. வண்டியை நிறுத்தியது சரி. கையை ஆட்டியதுதான் தப்பு. அதே கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவர்களை மட்டுப்படுத்தியிருந்தால் அது உதவி. கடப்பதா வேண்டாமா என்பதைப் பாட்டியே பார்த்து முடிவு செய்துகொள்வார்.

லாரிக்காரர்கள் இண்டிகேட்டர் போட்டு வழிவிடுவதும் இதே ரகம். ஒருவர் வலது இண்டிகேட்டர் போட்டால் முந்திக்கொள் என்கிறார், இன்னொருவர் அதையே போட்டால் எதிரே வண்டி வருகிறது, வராதே என்கிறார், மூன்றாமவர் நிஜமாகவே வலது பக்கம் திரும்பப் போகிறார். மூவரும் நல்லவர்கள். கையை வெளியே நீட்டி முன்னால் போகச் சொல்வது இதைவிடத் தெளிவு, ஆனாலும் லாரி மறைவிலிருந்து வெளியே வந்து நம் கண்ணால் ரோட்டைப் பார்க்காமல் முந்தக் கூடாது. இன்னொரு உதவியையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போலீஸ் நிற்கிறார்கள் என்று தலையைத் தட்டிக் காட்டுவது. டேங்க் மேல் இருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறும், வளைவு தாண்டியதும் திரும்பவும் டேங்குக்கு இறங்கும். அபராதம் மிச்சம். தலைக்கு அதனால் என்ன லாபம் என்று தெரியவில்லை.

சொன்னது காதில் விழாதபோது

பெரும்பாலும் நடப்பது இதுதான்: யாரோ எதையோ கத்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள், என்னவென்று புரியவில்லை. லைட்டைக் காட்டினார் என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போகலாம், விளக்கம் சொல்ல நிற்க வேண்டியதில்லை. வேறு எதுவாக இருந்தாலும் சாய்க்காமல் ஓரம் கட்டி நிறுத்திப் பார்ப்பது நல்லது. முதலில் ஸ்டாண்டு. அடுத்து துணி, பை வார், மழைக்கோட்டின் நுனி. பிறகு பின் டயர், கட்டைவிரலால் அழுத்தினால் காற்று இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். பெட்ரோல் மூடி. ஸ்கூட்டர் என்றால் சீட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று. அணைக்க மறந்த இண்டிகேட்டர். எல்லாம் சரியாக இருந்தால், பங்கில் இறங்கச் சொன்னவர் திரும்ப ஏறிவிட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் அதுவும் நடக்கிறது.